சுனைநீரும் கழுவாத கையும்

மலைவழியே பல நாள் நடந்து செல்பவன் உணவை முதுகில் சுமக்கலாம். உடையையும் கூடாரத்தையும் சுமக்கலாம். தண்ணீரை மட்டும் ஓரளவுக்கு மேல் சுமக்க இயலாது. ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோகிராம். நாளொன்றுக்கு 4 லிட்டர் வேண்டுமெனின், ஐந்து நாள் பயணத்துக்கு 20 கிலோகிராம் நீர் ஆகிறது. ஆகவே வழியில் கிடைப்பதையே குடித்தாக வேண்டும். அது பாறையிடுக்கில் கசியும் சுனையாக இருக்கலாம். ஓடையாகவோ உருகிய பனியாகவோ இருக்கலாம். கண்ணுக்குப் பளிங்கு போலத் தோன்றும் அந்த நீரை நம்பலாமா என்ற கேள்வி மிகப் பழமையானது. அதற்கு மனிதன் தேடிய விடைகளின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள். அவ்வரலாற்றில் ஒரு விந்தையும் உண்டு. நீரை ஐயுற்ற மனிதன் தன் கையை ஐயுறுவதற்கு நெடுங்காலம் ஆயிற்று.

கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸ் மன்னன் படையெடுத்துச் செல்லும்போதெல்லாம், சூசா நகரை அடுத்து ஓடிய கொவாஸ்பெஸ் ஆற்றின் நீரைக் காய்ச்சி, வெள்ளிக் கலங்களில் நிரப்பி, கோவேறு கழுதைகள் இழுக்கும் நாற்சக்கர வண்டிகளில் உடன் கொண்டு சென்றான் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்துள்ளார். பாரசீக அரசர் வேறெந்த நீரையும் பருகுவதில்லையாம். நோய்க்கிருமி என்ற ஒன்று இருப்பதை எவரும் அறியாத அந்நாளிலேயே, நீரைக் காய்ச்சிக் கொள்ளும் வழக்கம் அரண்மனையில் இருந்திருக்கிறது. ஆனால், அவ்வண்டிகளின் பின்னே புழுதியில் நடந்த காலாட்படை எதைக் குடித்தது என்பதை அவ்விடத்தில் ஹெரோடோட்டஸ் சொல்லவில்லை. வரலாறு பெரும்பாலும் அரசனின் கலத்தையே பார்க்கிறது.

இதற்கு நேர்மாறான ஒரு பழைய விதியை எபிரேயரின் சட்ட நூலில் காண்கிறோம். பாளையமிறங்கிய போர்வீரன் மலங்கழிக்கப் பாளையத்துக்கு வெளியே செல்ல வேண்டும். தன் ஆயுதங்களோடு மண் தோண்டும் கோல் ஒன்றையும் வைத்திருந்து, குழி தோண்டி, கழிவை மூடிவிட வேண்டும் என்பது அவ்விதி. சமயத் தூய்மையை முன்னிட்டு எழுந்ததுதான் அது. ஆயினும், நீரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலே நீரைக் காக்கும் விதியாக அது அமைந்துவிட்டது. அரசனின் காய்ச்சிய நீர், வீரனின் தோண்டுகோல் என்ற இந்த இரண்டில் எது முதன்மையானது என்ற வழக்கு இன்றளவும் ஓயவில்லை.

கிருமிகளை முதலில் கண்டவர் ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகரான லேவன்ஹுக். 1681ஆம் ஆண்டில் அவருக்கு வயிற்றுப்போக்குக் கண்டது. எதையும் கண்ணாடிவில்லையின் கீழ் வைத்துப் பார்க்கும் இயல்புடைய அவர், தம் கழிவையும் அவ்வாறே பார்த்தார். சிறு கால்கள் போன்ற உறுப்புகளை அசைத்து நகரும் நுண்ணுயிர்கள் அதில் தென்பட்டன. அவர் எழுதிய வருணனையைப் பிற்கால அறிஞர்கள் ஆராய்ந்து, அவ்வுயிர் இன்று ஜியார்டியா என்று அழைக்கப்படும் ஒட்டுண்ணியே என்று கருதுகின்றனர். பிராக் நகரத்து மருத்துவர் லாம்பிள் அதை 1859இல் விரிவாக விவரித்தார். மலைநடைப் பயணிகளை மூன்று நூற்றாண்டுகள் கழித்துக் கலங்கடிக்கப்போகும் உயிர் இதுவே.

நோய்க்கும் நீருக்கும் உள்ள தொடர்பு 19ஆம் நூற்றாண்டில் உறுதிப்பட்டது. 1854இல் லண்டனில் ஒரு தெருக்குழாயின் நீரைக் குடித்தவர்களே வாந்திபேதியால் மாண்டனர் என்று ஜான் ஸ்நோ காட்டினார். 1884இல் கல்கத்தாவில் ஒரு குளத்து நீரிலேயே வாந்திபேதிக் கிருமியை ராபர்ட் காக் கண்டெடுத்தார். அதே 1884இல் பாஸ்டரின் துணைவரான சேம்பர்லாந்து, மெருகிடாத பீங்கானால் குழாய் வடிவில் ஒரு வடிகட்டி செய்தார். அதன் நுண்துளைகள் வழியே பாக்டீரியா எதுவும் புக முடியாது. பயணிகள் தூக்கிச் செல்லும் வடிகட்டிகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

அந்த வடிகட்டியைப் பற்றி இங்கே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1892இல் இவனோவ்ஸ்கி என்னும் ருஷ்ய அறிஞர், தேமல்நோய் பிடித்த புகையிலைச் செடியின் சாற்றை அதில் வடித்தார். வடித்த சாறு தெளிந்திருந்தது. பாக்டீரியா ஒன்றும் அதில் இல்லை. ஆயினும் அதைத் தடவிய செடிகளுக்கு நோய் வந்தது. வடிகட்டியையும் கடந்து செல்லும் நுண்பொருள் ஒன்று உண்டென்பது இவ்வாறு தெரியவந்தது. வைரஸ் என்று பின்னர் நாம் அறிந்தது அதையே. பீங்கான் வடிகட்டியை நம்பிய பயணிக்கு இது ஓர் எச்சரிக்கை. ஆனால் அது அவன் காதில் விழுவதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின.

இனி, நம் கதையின் நடுப்பகுதிக்கு வருவோம். காட்டிலும் வெளியிலும் பல்லாயிரம் பேர் கூடாரமடித்துத் தங்கிய முதல் பெரும் சோதனைக்கூடங்கள் போர்ப்பாசறைகளே. 1898இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. ஜார்ஜியா மாநிலத்துச் சிக்கமாகாவிலும் பிற இடங்களிலும் தொண்டர் படையினரைத் திரட்டித் தங்கவைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் போர்க்களத்தைக் கண்டதேயில்லை. ஆயினும் சில வாரங்களுக்குள் பாசறைகள் மருத்துவமனைகளாயின. ஏறத்தாழ 1,08,000 பேரில் 20,000க்கு மேற்பட்டோருக்கு டைபாய்டு கண்டது. 1,500க்கு மேற்பட்டோர் இறந்தனர். பகைவரின் குண்டுக்கு இரையானவர்களோ சில நூற்றுவரே. பயிற்சி முகாமில், சொந்த நாட்டு மண்ணில், ஐந்தில் ஒருவன் நோயாளி!

காரணத்தைக் கண்டறிய வால்ட்டர் ரீட், விக்டர் வாகன், எட்வர்ட் ஷேக்ஸ்பியர் என்ற மூன்று மருத்துவர்கள் கொண்ட குழு அமைக்கப்பட்டது. நீரே காரணமாக இருக்கும் என்றுதான் அனைவரும் எண்ணியிருந்தனர். குழுவினர் பாசறை பாசறையாகச் சென்றனர். கழிவுக்குழிகள் சரிவர மூடப்படாமல் கிடந்தன. அவற்றின்மேல் சுண்ணாம்பு தூவப்பட்டிருந்தது. உணவுக் கூடாரத்தில் சோற்றின்மேல் வந்தமர்ந்த ஈக்களின் கால்களில் அதே சுண்ணாம்புத்தூள் வெள்ளையாக ஒட்டியிருந்தது! சான்று இதைவிடத் தெளிவாக இருக்க முடியுமா? அத்துடன், நோயாளியைத் துடைத்த கையைக் கழுவாமலே வீரன் உணவு பரிமாறினான். ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள் ஒருவர்பின் ஒருவராக நோயில் விழுந்தனர். நீரால் வந்த நோய் பாசறை முழுவதையும் ஒரே வேளையில் தாக்கியிருக்க வேண்டும். இதுவோ கூடாரம் கூடாரமாக ஊர்ந்து சென்றது. ஈயும் கையுமே பெரும் குற்றவாளிகள், நீர் அப்பாசறைகளில் இரண்டாம் குற்றவாளியே என்று குழு முடிவு கூறியது.

இந்த அறிக்கைக்கு நேர்ந்த கதியும் அறியத்தக்கது. ஷேக்ஸ்பியர் 1900இலும் ரீட் 1902இலும் காலமாயினர். எஞ்சிய வாகன் தனியொருவராக அதை முடித்தார். இரு பெருந்தொகுதிகளாக 1904இல் அது வெளிவந்தபோது போர் முடிந்து ஆறாண்டுகள் ஆகிவிட்டன. மஞ்சட்காய்ச்சலைக் கொசு பரப்புவதை மெய்ப்பித்தவர் என்று ரீட்டின் பெயரை உலகம் அறியும். சுண்ணாம்புக் கால் ஈயை அறிந்தவர் சிலரே. என் கருத்தில், பயணிகளுக்கு இரண்டாவதே பெரிய கொடை.

அதற்குள் பிரிட்டிஷாரும் தென்னாப்பிரிக்கப் போரில் அதே பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றனர். 1900 பிப்ரவரியில் பார்டபர்க் என்னுமிடத்தில் போயர் படையை வளைத்துக்கொண்ட வீரர்கள், குதிரைப் பிணங்கள் மிதந்த மோடர் ஆற்று நீரையே தாகத்துக்குக் குடித்தனர். பிறகு ப்ளூம்ஃபான்டைன் நகரில் டைபாய்டு பரவியது. குதிரைப் பிணத்தையே பலரும் காரணமாகச் சொன்னார்கள். டைபாய்டுக் கிருமி மனிதனிடமன்றி வேறெவ்வுயிரிடமும் குடியிருப்பதில்லை. ஆகவே ஆற்றை நஞ்சாக்கியது மிதந்த குதிரையன்று, கரையிலிருந்த மனிதனே. நாற்றமடிப்பதை அஞ்சிய வீரன், நாற்றமில்லாததை அஞ்சவில்லை. 1902இல் போர் முடிந்தபோது, டைபாய்டால் இறந்த பிரிட்டிஷ் படையினர் 8,000க்கு மேல்; சமரில் இறந்தவர் தொகை அதைவிடச் சற்றுக் குறைவே.

இவ்வழிவுகளுக்குப் பின் நீரைத் தூய்மையாக்கும் வேதிமுறைகள் விரைந்து வளர்ந்தன. வாந்திபேதிக் காலத்தில் கிணறுகளில் பெர்மாங்கனேட்டைக் கரைக்கும் முறையை 1890களில் இந்தியாவில் பரப்பியவர் ஹேன்கின் என்ற ஆங்கிலேய அறிஞர். நீரைக் குளோரினால் தூய்மைப்படுத்தும் முறையை 1903இல் எழுதி வெளியிட்ட நெஸ்ஃபீல்டும் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்தவரே. முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையினர், முக்காலியில் தொங்கவிட்ட பெரிய துணிப்பையில் நீரை நிரப்பி, குளோரின் தூளைக் கலந்து, அடியிலுள்ள குழாய்களின் வழியே பிடித்துக் குடித்தனர். 1917இல் டேக்கின், டன்ஹாம் என்ற இருவர் ஹாலசோன் என்னும் மாத்திரையை உருவாக்கினர். பாசறைக்குத் தொங்கிய பை இப்போது தனிமனிதனின் சட்டைப்பைக்குள் அடங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அம்மாத்திரை வீரர்களுடன் உலகெங்கும் சென்றது. எனினும் சீதபேதியை உண்டாக்கும் அமீபாவின் கடினமான உறைக்கு அது போதவில்லை. ஆகவே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து அயோடின் மாத்திரைகளைக் கண்டனர். மலையேறுவோர் பையில் பிற்காலத்தில் இடம்பெற்றவை இவையே. மாத்திரை போட்டவுடன் குடித்துவிடலாகாது. அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும். நீர் கலங்கியிருந்தாலோ மிகக் குளிர்ந்திருந்தாலோ இன்னும் நேரமாகும். தாகத்தோடு வந்தவன் பொறுப்பதில்லை என்பதே இம்முறையின் பெருங்குறை.

வேதிப்பொருள் வேண்டாம், காய்ச்சிக் குடிக்கிறேன் என்பவனுக்கு உயரமான மலைகளில் ஓர் ஐயம் எழும். கடல்மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், 5,300 மீட்டருக்கு மேலுள்ள எவரெஸ்ட் அடிமுகாமில் ஏறக்குறைய 82 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. அந்த வெப்பம் போதுமா? போதும். குடல்நோய்க் கிருமிகளுள் பெரும்பாலானவை 70 டிகிரி வெப்பத்திலேயே சிறிது நேரத்தில் மடிந்துவிடும். ஆயினும் காப்பாக, 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் கொதிக்க விடுக என்கின்றனர் அமெரிக்கப் பொதுநலத் துறையினர். உயரத்தில் உண்மையான இடர் வெப்பமன்று, எரிபொருள். அங்கே பனியை உருக்கினால்தான் நீர். 1952இல் சோ ஓயு மலைப்பயணத்துடன் சென்ற உடலியலறிஞர் கிரிஃபித் பியூ, ஏறுவோர் போதிய நீர் பருகாமையையும், வழியில் ஊர்களில் தங்கியபோது தூய்மையற்ற சமையலால் குடல்நோய்க்கு ஆளானதையும் கண்டார். ஊருக்கு வெளியே முகாமிடுக, சமையலிடத்தைத் தூய்மையாக வைத்திடுக, உயரத்தில் பனியுருக்க அடுப்பும் எண்ணெயும் தாராளமாகக் கொண்டு செல்க என்பவை அவர் கருத்துகள். 1953 மே 29இல் ஹிலாரியும் டென்சிங்கும் எவரெஸ்ட் உச்சியை அடைந்த வெற்றியில் அவர் ஆலோசனைகளுக்கும் பங்குண்டு. உயிர்வளிக் கலத்தைப் பற்றிப் பேசும் நாம் மண்ணெண்ணெய் அடுப்பை மறந்துவிடுகிறோம்.

பொழுதுபோக்காக மலைநடை செல்வோர் பெருகியது 1960களிலும் 1970களிலும். அப்போதுதான் லேவன்ஹுக் கண்ட அந்தப் பழைய உயிர் மீண்டும் மேடையேறியது. 1965-66 பனிக்காலத்தில் கொலராடோ மாநிலத்து ஆஸ்பென் நகரில் பனிச்சறுக்க வந்தவர் பலருக்கு நெடுநாள் வயிற்றுப்போக்குக் கண்டது; நோய் ஜியார்டியா. யூட்டா மாநிலத்தின் யூயின்டா மலைகளில் ஓடைநீரைக் குடித்த முகாம் குழுவினரிடையே இந்நோய் பரவிய செய்தி 1976இல் மருத்துவ இதழில் வந்தது. அதே 1976இல் வாஷிங்டன் மாநிலத்துக் காமஸ் என்ற சிற்றூரில் ஏறத்தாழ 600 பேர் நோயுற்றனர். ஊருக்கு நீர் வரும் காட்டில் நீர்நாய் போன்ற பீவர் என்னும் விலங்குகளைப் பிடித்துப் பார்த்தபோது மூன்றிடம் இந்த ஒட்டுண்ணி இருந்தது. அவ்வளவுதான், 'பீவர் காய்ச்சல்' என்ற பெயர் காட்டுத்தீயெனப் பரவியது. முன்பு ஓடையில் கையால் அள்ளிக் குடித்தவர்கள் இப்போது வடிகட்டியின்றி நீரை நெருங்கவும் அஞ்சினர். வடிகட்டி விற்போருக்கு நல்ல காலம் பிறந்தது என்பதையும் சொல்லாமலிருக்க முடியவில்லை.

அச்சத்தில் உண்மையில்லை என்பதன்று. சில உறைகளே உடலுள் சென்றாலும் நோய் வரலாம். ஆனால் இந்நோய் வெளிப்பட ஒன்று அல்லது இரண்டு வாரம் ஆகும். மலையிலிருந்து இறங்கிய மறுநாளே வயிறு கலங்கியவன் நேற்றுக் குடித்த சுனையைப் பழிப்பது கணக்குக்கே ஒத்துவராது. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில் நீரை ஆராய்ந்தவர்கள், மனிதரும் மந்தையும் அணுகாத உயர்நிலங்களில் நீர் பெரும்பாலும் தூய்மையாகவும், மாடுகளும் பொதிவிலங்குகளும் நடமாடிய இடங்களில் மாசுற்றும் இருந்ததைக் கண்டனர். சில மருத்துவர்கள் ஒருபடி மேலே சென்று, மலைப்பயணிகளின் நோய்க்கு ஓடையைவிடக் கழுவாத கையே பெருங்காரணம் என வாதிட்டனர். நூறாண்டுக்கு முன் சிக்கமாகாவில் கேட்ட அதே குரல்!

வழக்கைத் தீர்க்கச் சான்று வேண்டுமல்லவா? அமெரிக்காவின் கீழ்த்திசை மலைத்தொடர் வழியே ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் அப்பலாச்சியன் பாதையில் 1997இல் நடந்தவர்கள் 280 பேரிடம் ஆய்வாளர்கள் வினவினர். முடிவு 2003இல் வெளியாயிற்று. பாதிப்பேருக்கு மேல் வழியில் வயிற்றுப்போக்கால் துன்புற்றிருந்தனர். தூய்மையாக்காத நீரை அடிக்கடி குடித்தவர்களுக்கு நோய் மிகுதி. ஆகவே நீரை நிரபராதி என்று விடுவிக்க இயலாது. அதே வேளையில், மலங்கழித்தபின் தவறாமல் கை கழுவியவர்களுக்கும் பாத்திரங்களை ஒழுங்காகத் துலக்கியவர்களுக்கும் நோய் குறைவு. சைரஸின் கலமும் தோண்டுகோலும் இரண்டும் வேண்டும் என்பதே தீர்ப்பு. ஒன்றைச் செய்தவன் மற்றொன்றைச் செய்ததாக எண்ணிக்கொள்வதில்தான் ஆபத்து.

இவ்வாபத்தை 2022இன் நிகழ்ச்சி ஒன்று நன்கு காட்டுகிறது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கில், கொலராடோ ஆற்றில் படகு விட்டும் கரைவழி நடந்தும் சென்றவர்களுள் ஏப்ரல் முதல் ஜூன் வரை 222 பேருக்கு வாந்தியும் பேதியும் கண்டன. காரணம் நோரோ வைரஸ். இது இவனோவ்ஸ்கி எச்சரித்த இனத்தைச் சேர்ந்தது. பயணிகள் தூக்கிச் செல்லும் சாதாரண வடிகட்டி இதைத் தடுப்பதில்லை. காய்ச்சினால் சாகும்; குளோரினும் தக்க அளவில் இட்டால் கொல்லும். ஆனால் நீரோடு நின்றுவிடுவதில்லை இது. ஒரு படகுக் குழுவினர் ஒரே பாத்திரத்தில் உண்டு, ஒரே கழிப்புப் பெட்டியைப் பயன்படுத்தும்போது கைக்குக் கை தாவுகிறது. கையில் தடவும் சாராயக் குழம்பை இன்று எல்லோரும் பையில் வைத்திருக்கிறார்கள். நோரோ வைரசை அது சரிவர அழிப்பதில்லை. சோப்பும் நீரும் இட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் அது கையை விட்டகலும். நறுக்கிய பழத்தையும் வறுத்த கடலையையும் ஒரே பையில் பலரும் கைவிட்டு எடுப்பதைவிட, ஒவ்வொருவர் உள்ளங்கையிலும் கொட்டிக் கொடுப்பது நன்று என்று அனுபவமுள்ள வழிகாட்டிகள் சொல்வதும் இதனாலேயே.

கழிவை எங்கே விடுவது என்பதற்கும் மலைநடையில் இன்று வழக்காகிவிட்ட விதி உண்டு. நீர்நிலையிலிருந்தும் பாதையிலிருந்தும் முகாமிலிருந்தும் 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் குழி தோண்டி மூட வேண்டும். சோப்பிட்டுக் கழுவிய நீரையும் ஓடையில் விடாமல் அதே தொலைவில் மண்ணில் ஊற்ற வேண்டும். மண்ணின் மேற்பகுதியில் வாழும் நுண்ணுயிர்கள் எஞ்சியதைப் பார்த்துக்கொள்ளும்.

மண்ணே இல்லாத இடத்தில் இவ்விதி செல்லாது. எவரெஸ்டின் பனியில் குழி தோண்டினால் கழிவு மக்குவதில்லை. உறைந்து கிடந்து, பனி உருகும்போது கீழே இறங்குகிறது. மேல்முகாம்களில் குடிநீருக்கு உருக்குவதும் அந்தப் பனியைத்தான். அதனால் 2024 பிப்ரவரியில் பாசங்லாமு கிராம நகராட்சி புதிய விதியொன்றை அறிவித்தது. மலையேறும் ஒவ்வொருவரும் அடிமுகாமில் தனிப் பைகளை வாங்கிக்கொண்டு, தம் கழிவை அவற்றில் கட்டித் தாமே கீழே கொண்டுவர வேண்டும். இறங்கி வரும்போது பைகள் சோதிக்கப்படும்.